முப்பது விழுக்காடும் ஒரு வாய்ப்பூட்டும்

ஐபோனில் அமேசான் செயலியைத் திறந்து ஒரு நாவலின் அச்சுப் பிரதியை வாங்கினால் ஆப்பிளுக்குக் கமிஷன் கிடையாது. அதே நாவலின் மின்நூலை வாங்கவோ, பல ஆண்டுகளாக அந்தச் செயலியில் வழியே இல்லை. கிண்டில் செயலியிலும் மாதிரிப் பக்கங்களைப் படிக்கலாம். பிடித்துப்போனால் வெளியே வந்து, உலாவியில் அமேசான் தளத்தைத் தேடிப்போய் வாங்க வேண்டியிருந்தது. அங்கே கிடைக்கும் என்று சொல்லி ஒரு இணைப்பு வைக்கக்கூட ஆப்பிளின் விதி இடம் தரவில்லை.

எல்லாம் செயலிக்குள் விற்கும் மின்பொருளுக்கு ஆப்பிள் கேட்கும் 30 விழுக்காட்டால் வந்தது. 2008இல் ஆப் ஸ்டோரோடு பிறந்த கமிஷனை, 2011இல் மின்நூலுக்கும் சந்தாவுக்கும் ஆப்பிள் கறாராக்கியது. பெரிய பதிப்பகங்களின் அன்றைய ஒப்பந்தப்படி விலையில் 70 பங்கு பதிப்பகத்துக்கு, 30 கடைக்கு. அந்த 30ஐ ஆப்பிளிடம் கொடுத்துவிட்டால் கடைக்காரருக்கு என்ன மிஞ்சும்? ஐஃப்ளோ ரீடர் என்ற சிறு மின்நூல் கடை அந்த ஆண்டே மூடப்பட்டது. ஆப்பிளின் சொந்தக் கடையான ஐபுக்ஸுக்கு இந்தச் சுமை இருக்கவில்லை.

ஆப்பிள் தரப்பிலும் நியாயம் உண்டு. முன்பின் தெரியாத நிறுவனத்திடம் அட்டை எண்ணைக் கொடுக்காமல் பணம் கட்டலாம். சந்தாக்களை ஒரே இடத்தில் நிறுத்தலாம். தனியாளாகச் செயலி எழுதுபவருக்குப் பல நாட்டு வசூல் தலைவலி இல்லை. 2021 முதல், ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலருக்குள் இருப்பவர்களுக்கு 15 விழுக்காடுதான். இந்தச் சேவைக்குக் கூலி கேட்பதில் தவறில்லை; எவ்வளவு என்று பேரம் பேசலாம். ஆனால் வேறிடத்தில் வாங்கலாம் என்று வாசகரிடம் சொல்வதையே தடுத்ததற்கு எந்தச் சமாதானமும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. கட்டணம் நியாயமானதென்றால், வாசகர் இரண்டு விலையையும் பார்த்துத் தாமே முடிவெடுக்கட்டுமே.

எபிக் கேம்ஸ் என்ற விளையாட்டு நிறுவனம் ஆப்பிள்மீது தொடுத்த வழக்கில், 2021இல் நீதிபதி இவான் கொன்சாலஸ் ரோஜர்ஸ் இந்த வாய்ப்பூட்டை நீக்க உத்தரவிட்டார். ஆப்பிள் 2024இல் இணைப்பை அனுமதித்தது. அதன்வழி நடக்கும் விற்பனைக்கும் 27 விழுக்காடு கேட்டது! பணத்தை வசூலிக்கும் வேலையைக்கூடச் செய்யாத விற்பனைக்கு இந்தத் தொகை. 2025 ஏப்ரலில் இதை வேண்டுமென்றே செய்த நீதிமன்ற அவமதிப்பு என்றார் நீதிபதி. சில நாட்களில் அமெரிக்காவின் கிண்டில் செயலியில் நூல் வாங்கும் பொத்தான் வந்தது.

அந்த உத்தரவு அமெரிக்க ஆப் ஸ்டோரை மட்டுமே கட்டுப்படுத்தும். கிண்டிலில் நேரடியாக நூல் வெளியிடும் தமிழ் எழுத்தாளர்களின் இந்திய வாசகர்கள் அதன் எல்லைக்குள் வரவில்லை.