அளவீடும் சிகிச்சையும்: இங்கிலாந்துச் சிறைகளில் மனநோய் மருந்து உண்போரின் உடல்நலக் கண்காணிப்பு

மனச்சிதைவு போன்ற கடும் மனநோய்களுக்குத் தரப்படும் ஆன்டிசைகாட்டிக் மருந்துகள் மாயக்குரல்களையும் மருட்சி எண்ணங்களையும் தணித்தாலும், அவற்றுள் பல, பசியைக் கட்டுப்படுத்தும் ஹிஸ்டமின், செரோடோனின் ஏற்பிகளை மறிப்பதால், உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றிவிடுகின்றன. இவ்வகையில் குளோசபினும் ஒலான்சபினும் முதலிடத்தில் நிற்க, ரிஸ்பெரிடோனும் குவெட்டியபினும் இடையிலும் அரிப்பிப்ரசோல் கடைசியிலும் வருகின்றன. கடும் மனநோயுடையோர் மற்றவர்களைவிட ஏறத்தாழ 15 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறப்பதற்கு இதய நோய் முதலான உடல் நோய்களே பெருங்காரணம் என்பதால், எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் கால இடைவெளியில் அளந்து வரும் வளர்சிதை மாற்றக் கண்காணிப்பு, மருந்துச் சிகிச்சையிலிருந்து பிரிக்க முடியாத கடமையாகிறது. இக்கடமை இங்கிலாந்துச் சிறைகளில் எந்த அளவுக்குப் பயன் தருகிறது என்பதே இங்கு ஆய்வுக்குரியது.

கண்காணிப்புக்கான அட்டவணையை, மருத்துவத் தரங்களை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தருகிறது. மருந்து தொடங்குமுன் எல்லா அளவீடுகளும் எடுக்கப்பட வேண்டும்; எடை முதல் 6 வாரங்களுக்கு வாரந்தோறும், பின் 12-ஆம் வாரத்திலும் ஓராண்டு நிறைவிலும், அதன்பின் ஆண்டுதோறும் பார்க்கப்பட வேண்டும்; இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவையும் 12-ஆம் வாரம், ஓராண்டு, பின்னர் ஆண்டுதோறும் என்ற முறையில் வருகின்றன. சிறை மருத்துவம் 2006-க்குள் உள்துறையிடமிருந்து முழுமையாகப் பொதுச் சுகாதாரப் பணியான என்.எச்.எஸ்.ஸின் பொறுப்புக்கு மாறியதால், வெளியில் உள்ள நோயாளிக்கு உரிய தரம் சிறைவாசிக்கும் உரியது என்ற கொள்கையின்படி இதே அட்டவணை சிறைக்கும் பொருந்துகிறது.

இந்நடைமுறையின் வலிமைகள் மெய்யானவை. வெளியில் நோயாளி மருத்துவமனைக்கு வராமலே போய்விடுவது கண்காணிப்பின் முதல் தடையாக இருக்க, சிறையில் நோயாளியும் செவிலியரும் மருந்தகமும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றனர். சிறைகள் பொதுவான கணினிப் பதிவேட்டைப் பயன்படுத்துவதால், ஓர் இடத்தில் எடுத்த அளவை மற்றோர் இடத்தில் தொடர முடிகிறது. மருந்தை மேற்பார்வையில் வழங்கும் இடங்களில் நோயாளி மாத்திரையை உண்மையில் விழுங்கினாரா என்பதும் பெரும்பாலும் தெரிவதால், எடை கூடியதற்கு மருந்து காரணமா என்று மருத்துவர், வீட்டில் இருக்கும் நோயாளியின் விஷயத்தில் முடிவதைவிடத் தெளிவாக எடைபோட முடிகிறது. பலருக்கு வாழ்நாளிலேயே ஒழுங்கான உடற்பரிசோதனை கிடைப்பது சிறையில்தான் என்பதும் மறுக்க இயலாத ஆதாயம்.

குறைகளுள் முதலாவது நாட்காட்டியைச் சார்ந்தது. 12 வாரமும் ஓராண்டும் என்று எண்ணும் அட்டவணை, நோயாளி ஓரிடத்தில் நிலைத்திருப்பார் என்று கருதிக்கொள்கிறது; விசாரணைக் காவலில் இருப்போரும் குறுந்தண்டனை பெற்றோரும் அதற்குள் வேறு சிறைக்கோ வெளியிலோ சென்றுவிடுகின்றனர். எடை ஏற்றம் மிக விரைவாக நிகழ்வது மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில்தான் என்றிருக்க, அதே வாரங்களில்தான் சிறைவாசி இடம்மாறிக்கொண்டிருக்கிறார். ஒருமுறை மட்டும் எடுக்கப்பட்ட எடை, ஏறும் போக்கைக் காட்டாது. இரண்டாவது அளவு இல்லாத முதல் அளவு பெயரளவுக்கு அட்டவணையை நிறைவு செய்கிறதேயன்றி நோயாளிக்கு ஏதும் தருவதில்லை.

இரண்டாவது குறை சிறையின் அன்றாட ஒழுங்கிலிருந்து எழுகிறது. பல சிறைகளில் இரவு உணவு மாலை ஐந்து மணியையொட்டியே முடிந்துவிடுகிறது; மறுநாள் காலை உணவுப் பொட்டலமும் முதல்நாள் மாலையே கையில் தரப்படுவதால், பலர் அதை இரவிலேயே உண்டுவிடுகின்றனர். இரவில் தர வேண்டிய ஒலான்சபினை, அறைகளைப் பூட்டும் நேரத்துக்கு முன்பாகவே கொடுத்து முடிக்க வேண்டியிருப்பதால், மருந்து தூண்டும் பசியும் நீண்ட பூட்டிய இரவும் ஒன்றாகச் சேர, சிறைக் கடையில் வாங்கி வைத்த உடனடி நூடுல்ஸும் பிஸ்கட்டும் அந்நேரத்தில் உணவாகின்றன. இந்நிலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை என்று பதிவாகும் எண்ணை முழுமையாக நம்புவது கடினம். கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்குப் பட்டினி தேவையில்லை என்பதால் அதுவே சிறைக்கு ஏற்றது. ஆனால் சில வாரங்களில் விரைந்து ஏறும் சர்க்கரையை அது உடனே காட்டாது என்பதையும் மறக்கலாகாது.

புகையிலைத் தடை மூன்றாவது சிக்கலைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் மூடிய சிறைகள் 2018-க்குள் புகையற்றவையாயின. புகையிலைப் புகையிலுள்ள வேதிப்பொருள்கள், குளோசபினையும் ஒலான்சபினையும் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டுகின்றன. ஆகவே புகைப்பவர் சிறைக்கு வந்து அதை நிறுத்தியதும், மாத்திரையின் அளவு மாறாதபோதும் இரத்தத்தில் மருந்தின் செறிவு ஏறுகிறது. தூண்டுவது நிக்கோட்டின் அன்று, புகையே என்பதால் மின்சிகரெட் இதை ஈடுசெய்யாது. விடுதலையாகி மீண்டும் புகைக்கத் தொடங்கினால் செறிவு குறைந்து, நோய் திரும்பும் இடர் எழுகிறது. புகைப்பழக்கத்தைக் கேட்காமல் எடையை மட்டும் அளக்கும் கண்காணிப்பு, இவ்விரு திசைகளிலும் குருடாகிவிடுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய குறை, அளவுக்குப் பின் என்ன என்ற கேள்விக்கு விடையின்மை. லெஸ்டர் கருவி என்று அழைக்கப்படும் வழிகாட்டுப் படம், தெற்காசியர்க்கு உடல் நிறைக் குறியீட்டின் எல்லையை 25-க்குப் பதிலாக 23 என வகுத்து, அளப்பதோடு நில்லாமல் தலையிடவும் வேண்டும் என்கிறது. சிறையிலோ எண்ணை எழுதும் செவிலியருக்கு உணவுப் பட்டியலிலும், உடற்பயிற்சிக்கென அறையைத் திறக்கும் நேரத்திலும் அதிகாரம் இல்லை. மருந்தை மாற்றும் அதிகாரமுள்ள மனநல மருத்துவர் வேறு குழுவில் இருக்கிறார். முதல் ஆண்டின் கண்காணிப்பு சிறப்பு மருத்துவக் குழுவுக்கும் அதன்பின் பொது மருத்துவருக்கும் உரியது என்ற பங்கீடும், இடம்மாறும் நோயாளியின் விஷயத்தில் எவருடைய பொறுப்பும் இல்லாத இடைவெளியை உண்டாக்குகிறது. சிறைவாசிகளுக்கான புறநோயாளிச் சந்திப்புகளுள் 2017-18-இல் பத்தில் நான்கு நிறைவேறாமல் போயின என்ற நஃபீல்டு அறக்கட்டளையின் ஆய்வு முடிவு, வெளிமருத்துவமனைச் சிகிச்சையையும் எளிதாக நம்ப முடியாது என்பதைக் காட்டுகிறது.

இவற்றுக்கு அடியில் மற்றொரு கேள்வியும் உள்ளது. தூக்கத்துக்காகவோ கொந்தளிப்பைத் தணிப்பதற்காகவோ, உரிய நோயின்றி, குவெட்டியபின் போன்றவை சிறைகளில் எழுதப்படுவதும் அவை சிறைவாசிகளிடையே கைமாறுவதும் மருத்துவர்கள் அறிந்தவை. அத்தகைய நோயாளிக்குச் சிறந்த வளர்சிதைப் பாதுகாப்பு, மருந்தே தொடர வேண்டுமா என்ற மறுபரிசீலனைதான். கவனமான கண்காணிப்பு தேவையற்ற மருந்துக்கு ஒழுங்கான முகமூடியாகிவிடக் கூடாது.

சிறைச் சூழலைச் சிறை மருத்துவமே மாற்றிவிட முடியாது, குறைந்தது அளக்கவாவது செய்கிறது என்ற எதிர்வாதம் நியாயமானதே. ஆனால் நூற்றுக்கு எத்தனை பேருக்கு எடை பார்க்கப்பட்டது என்பதை மட்டும் வெற்றியின் அளவாகக் கொள்ளும் முறை, எளிதில் நிறைவேறும் பகுதியையே பாராட்டுகிறது. இரண்டாவது அளவு எடுக்கப்பட்டதா, எல்லை மீறிய எண்ணுக்குப் பின் மருந்தோ அதன் அளவோ உணவோ மாறியதா, சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மருந்து பற்றி ஆலோசிக்கப்பட்டதா, விடுதலையின்போது குறிப்புகள் பொது மருத்துவரைச் சென்றடைந்தனவா என்ற கேள்விகளின்மேல் தணிக்கை அமைய வேண்டும். இக்கேள்விகளுக்கு விடை கூறாத வரை, இங்கிலாந்துச் சிறைகளின் கண்காணிப்பு நல்ல அட்டவணையாகவே இருக்கும், சிகிச்சையாகாது.