வைகைக்குத் தெற்கே: சேதுக் கரையின் பேச்சும் அதைப் பேசுவோரின் மனமும்

ஒருவர் பேசத் தொடங்கியதுமே அவருடைய ஊரைக் கேட்பவர் ஊகித்துவிடக் காரணமான சொல், ஒலி, விகுதி, இழுவை ஆகியவற்றின் தொகுதி வட்டார வழக்கு எனப்படும். அவ்வழக்கைப் பேசுவோர் அதைக் குறித்துத் தம் மனத்துள் கொண்டிருக்கும் பெருமிதம், கூச்சம், அச்சம், பற்று ஆகியவற்றை மொழியியலார் மொழி மனப்பாங்கு என்று தனித்து ஆராய்கின்றனர். தமிழில் முதலாவதைப் பற்றிய ஆய்வு நெடுங்காலமாக நடந்துவருகிறது. பிரெஞ்சு அறிஞர் ஜூல் பிளாக் 1910இல் தமிழ்ச் சாதிகளின் கிளைவழக்குகள் பற்றி எழுதினார், செக் நாட்டுக் கமில் சுவலபில் 1950களின் இறுதியிலிருந்து வட்டார வழக்குகளை ஒலிவாரியாக விவரித்தார், கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட கரிசல் வட்டார வழக்கு அகராதி, எழுத்தாளர்களே தம் மண்ணின் சொற்களைத் தொகுக்கும் மரபுக்கு வழிவிட்டது. பேசுவோரின் மனம் இவ்வளவு கவனத்தைப் பெறவில்லை. அந்த மனத்தை ஆராய ராமநாதபுரம், ராமேஸ்வரம் கடற்கரையைவிடப் பொருத்தமான இடம் அரிது. ஏனெனில் இங்கே ஒரே ஆளின் பேச்சு, அவர் எத்திசை நோக்கி நின்று பேசுகிறார் என்பதைப் பொறுத்து இகழ்ச்சிக்கும் மதிப்புக்கும் மாறி மாறி ஆளாகிறது.

தொல்காப்பிய உரையாசிரியர் சிலர் செந்தமிழ் நிலத்துக்கு எல்லை வகுத்தபோது வையையாற்றின் வடக்கு, மருதயாற்றின் தெற்கு, கருவூரின் கிழக்கு, மருவூரின் மேற்கு என்றனர். அதற்கு வெளியே அமைந்த நிலங்களின் பேச்சு, திருந்தாத தமிழ் என்ற பொருளில் கொடுந்தமிழ் எனப்பட்டது. வையை, அதாவது இன்றைய வைகை, பரமக்குடியைக் கடந்து ராமநாதபுரத்துப் பெரிய கண்மாயைச் சேர்கிறது. மிகுதி நீர் ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் விரிகுடாவில் கலக்கிறது. அந்தக் கணக்கில் ராமநாதபுரம் நகரும் கீழக்கரையும் மண்டபமும் பாம்பன் தீவும் எல்லைக்கு அப்பால் நிற்கின்றன. ஆயினும், 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் சேதுபதி மரபினர்; அதற்குத் துணைநின்ற பாஸ்கர சேதுபதி ராமநாதபுரத்து மன்னர்; சங்கத்தின் ‘செந்தமிழ்’ இதழுக்கு முதல் ஆசிரியராக அமர்ந்த ரா. இராகவையங்கார் சேது சமஸ்தானத்துப் புலவர். எழுத்துத் தமிழைப் பேணியதற்காக இம்மண்ணுக்குக் கிடைத்த மதிப்பில், இம்மண்ணின் பேச்சுக்கு ஒரு பங்கும் கிடைக்கவில்லை. எழுதுவதற்கு ஒன்று, பேசுவதற்கு ஒன்று என இரு வடிவங்களைப் போற்றும் சமூகநிலையைச் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு என்ற கருத்தாக வகுத்தார். அத்தகைய சமூகத்தில் உயர்ந்தது எழுத்து வடிவமே என்று எல்லாரும் ஒப்புக்கொண்டுவிடுவதால், ஊர்ப் பேச்சு பேசுவோராலேயே பிழையெனக் கருதப்படுகிறது.

இக்கரையின் பேச்சு ஒன்றல்ல. உள்நாட்டு வறண்ட நிலத்தின் பேச்சு மதுரை, சிவகங்கைப் பேச்சோடு நெருங்கியது: ‘போயிடுச்சு’ இங்கே ‘போயிருச்சு’ ஆகும், ‘அவர்கள் வந்தார்கள்’ என்பது மூக்கொலி கலந்து ‘அவெய்ங்க வந்தாய்ங்க’ ஆகும், அங்கிட்டு, இங்கிட்டு என்று திசை காட்டப்படும், தந்தையின் தாய் அப்பத்தா, வடமாவட்டங்களில் ஏரியாக இருப்பது இங்கே கம்மா. கீழக்கரையின் முஸ்லிம் வணிகர்களான மரைக்காயர்களின் பேச்சு வேறு. மீனவர் குப்பங்களின் பேச்சு இன்னும் வேறு. அங்கே காற்று வீசும் திசையைப் பொறுத்து வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று பெயர் பெறுகிறது, படகுக்காரர் சம்மாட்டி ஆகிறார், கடலில் கிடைக்கும் மீன்பேறு பாடு ஆகிறது. தனுஷ்கோடி மணற்பரப்பின் இருபுறமும் உள்ள நீரில், அமைதியான பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும் சீறும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் அழைக்கும் வழக்கும் இங்குண்டு.

இவற்றுள் கூச்சத்துக்கு மிகுதியும் இலக்காவது ஒரே ஓர் ஒலி. தென்மாவட்டங்களின் பெரும்பகுதியில் ழகரம் பேச்சில் ளகரமாகிவிடுகிறது. மழை மளையாகவும், வாழைப்பழம் வாளைப்பளமாகவும் ஒலிக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் மொழிப்பற்று ழகரத்தைத் தமிழின் தனி அடையாளமாக உயர்த்திப் பிடித்ததால், பல தலைமுறைகளாக இயல்பாக நடந்த ஓர் ஒலிமாற்றம் திடீரென நாக்கின் குற்றமாகவும், சில வேளை தமிழுணர்வின் குறையாகவும் கருதப்படலாயிற்று. வகுப்பில் எழுந்து வாசிக்கும் மாணவன் திருத்தப்படும்போது, எழுத்துத் தமிழின் உச்சரிப்பைக் கற்கிறான் என்பது உண்மை. ஆனால் வீட்டில் தன் அப்பத்தா பேசுவது தமிழ் அல்ல என்ற முடிவுக்கும் அவன் வந்துவிடுவது பெரிய இழப்பு. மேடையில் வேண்டிய ஒலியையும் வீட்டில் வழங்கும் ஒலியையும் தனித்தனியே மதிக்கக் கற்பிப்பது எந்த ஆசிரியருக்கும் அரிதன்று. அது பெரும்பாலும் நடப்பதில்லை என்பதே வருத்தம்.

ஒலியில் இயற்கையான இழிவோ உயர்வோ இல்லை என்பதை 1960இல் மாண்ட்ரீலில் வாலஸ் லாம்பர்ட் குழுவினர் செய்த சோதனை காட்டியது. இருமொழி தெரிந்தவர்கள் ஒரே பகுதியைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் படித்ததைப் பதிவுசெய்து, இரண்டும் ஒரே ஆளின் குரல்கள் என்று சொல்லாமல் கேட்பவர்களிடம் மதிப்பிடச் சொன்னபோது, பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களே பிரெஞ்சுக் குரலுக்குத் தாழ்ந்த மதிப்பளித்தனர். தம்மை ஆள்வோரின் கண்கொண்டு தம்மையே பார்க்கும் இந்த நிலை ராமநாதபுரத்துக்குப் புதிதன்று. அரசு ஊழியரைத் தண்டிக்கும் இடமாற்றத்துக்குத் ‘தண்ணியில்லாக் காடு’ என்ற பெயர் நாடெங்கும் வழங்கியபோது, அந்தக் காடாக நினைக்கப்பட்டது பெரும்பாலும் இம்மாவட்டமே. அந்த எண்ணம் இங்கிருந்து சென்னைக்குப் போகிறவனின் ‘போயிருச்சு’வில் ஒட்டிக்கொண்டு உடன் செல்கிறது. 2000க்குப் பின் வந்த மதுரைப் பின்னணிப் படங்கள் தென்பகுதிப் பேச்சைத் திரையில் ஓங்கி ஒலிக்கச் செய்தன. ஆனால் அவற்றுட் பலவற்றில் அப்பேச்சு அரிவாளோடு சேர்ந்தே வந்ததால், கிடைத்த பெருமிதத்தில் பாதியைப் பழி தின்றுவிட்டது. தஞ்சை, திருச்சி, மதுரை வட்டாரங்களின் கற்றோர் பேச்சிலிருந்து நாடகம், வானொலி, திரைப்படம் வழியாகப் பொதுப் பேச்சுத் தமிழ் ஒன்று உருவாயிற்று என்று ஹெரால்ட் ஷிஃப்மன் கூறுவார். அதில் கடற்கரைக்கு இடமில்லை. ராமேஸ்வரத்தில் பிறந்து ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்த அப்துல் கலாம், குடியரசுத் தலைவராக இருந்த 2002–2007 ஆண்டுகளிலும் ஆங்கிலத்தைத் தமிழ்ச் சாயலோடே பேசினார் என்பதைப் பலரும் பெருமையாகச் சொல்வதுண்டு. பதவி உயர்ந்தபின் கிடைக்கும் அந்த ஏற்பு, வேலைக்கான நேர்காணலில் அமர்ந்திருக்கும் இளைஞனுக்குக் கிடைப்பதில்லை.

கடலை நோக்கித் திரும்பினால் மதிப்பீடு மாறுகிறது. கீழக்கரையில் தந்தை வாப்பா, தாய் உம்மா, அண்ணன் காக்கா. உள்நாட்டு ராவுத்தர் குடும்பங்களிலோ தந்தை அத்தா. சோற்றுக்கு ஊற்றும் குழம்பை ஆணம் என்னும் பழந்தமிழ்ச் சொல்லாலும், வழிபாட்டைத் தொழுகை, நோன்பு என்னும் தமிழ்ச் சொற்களாலும் வழங்கும் கீழக்கரைப் பேச்சு, காயல்பட்டினத்தோடும் இலங்கைக் கரையோடும் சொற்களைப் பகிர்கிறது. இவ்வூருக்குப் பெயர் பெற்றுத் தரும் தொதல் என்னும் இனிப்பு மலாய் நாடுகளிலும் ஏறக்குறைய அதே பெயரோடு வழங்குகிறது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியின் ஊர் இது. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழில் நூல் செய்த மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் ஊரும் இதுவே. வணிகமும் கல்வியும் ஊருக்குள்ளேயே பெருமை தேடிக்கொடுத்த இடத்தில், ஊர்ப் பேச்சுக்கு வெளியாரின் சான்று தேவைப்படவில்லை.

மண்டபத்தில் உள்ள ஈழ அகதிகளின் நிலை இதற்கு நேர்மாறான படிப்பினை தருகிறது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை இக்கரையில் தெளிவாகக் கேட்ட காலத்தில், பி. எச். அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களின் குரலை இங்குள்ளோர் நல்ல தமிழுக்கு முன்மாதிரியாகப் போற்றினர். யாழ்ப்பாணத்தார் பேச்சே தூய தமிழ் என்ற எண்ணம் இன்றும் பலரிடம் உண்டு. ஆனால் 1983க்குப் பின் அகதிகளாக வந்தோரின் அதே பேச்சு, குறிப்பாக ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991 மே மாதத்துக்குப் பின், தெருவில் ஐயத்துக்கு இடமாயிற்று. ‘கதைக்கிறம்’ என்று வாய்க்கு வருவதை ‘பேசுறோம்’ என்று மாற்றிக்கொள்வது அவர்களுக்கு நாகரிகத்தின் பொருட்டு நேர்ந்ததன்று. பாதுகாப்பின் பொருட்டு நேர்ந்தது. பாராட்டப்படும் பேச்சையும் மறைக்க வேண்டிவரும் என்பதை, வேறெந்த ஆய்வுக்களமும் இவ்வளவு தெளிவாகக் காட்டுமா என்பது ஐயம்.

மசாசூசெட்ஸ் கடலில் உள்ள மார்த்தாஸ் வினயார்ட் தீவில் ஆய்ந்து வில்லியம் லபோவ் 1963இல் வெளியிட்ட கட்டுரை, பாம்பன் தீவைப் புரிந்துகொள்ளவும் உதவும். கோடைக்கால விருந்தினர் பெருகிய அத்தீவில், மீனவர்களும் தீவிலேயே வாழ விரும்பிய இளைஞர்களும் பழைய உச்சரிப்பை முன்னிலும் அழுத்திப் பேசினர். வெளியேற எண்ணியவர்கள் அதைக் கைவிட்டனர். பாம்பனிலும் 1988இல் சாலைப் பாலம் திறந்தபின் யாத்திரிகர் வரவு பெருகியது. ராமேஸ்வரம் கோவில் தெருக்களில் வணிகர்கள் வடநாட்டாரிடம் இந்தியும், சென்னையாரிடம் பொதுத் தமிழும், தம்முள் ஊர்ப் பேச்சுமாக மாறிக்கொள்கின்றனர். மீன்பிடிப்போரிடம் இந்த மாற்றத்துக்குத் தேவை குறைவு. 2016இல் பாம்பனில் 90.4 அலைவரிசையில் தொடங்கிய ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி, காற்றும் அலையும் பற்றிய செய்திகளைக் கடலோடிகளுக்கென அவர்கள் பேச்சிலேயே கொண்டுசேர்க்க முனைந்தது. குப்பத்துப் பேச்சு அறிவிப்பாளரின் பேச்சாகவும் ஆகலாம் என்பதை இவ்வட்டார இளைஞர் அதன் வழியே கேட்க முடிந்தது. மனப்பாங்கை மாற்ற அறிவுரையைவிட இது வலுவான கருவி.

ஆயினும் பாய்மரம் போய் விசைப்படகு வந்தபின், திசைகாட்டும் கருவி இருக்கும் இடத்தில் கச்சானுக்கும் சோழகத்துக்கும் வேலை குறைகிறது. நாட்டுப்படகுக்காரர்களே அச்சொற்களை இன்று மிகுதியும் புழங்குகின்றனர். கரிசலுக்கும் கொங்குக்கும் நடுநாட்டுக்கும் எழுந்த சொல்லகராதிகளைப் போலச் சேதுக் கரைக்கும் முழுமையான ஒன்றைத் தொகுக்க முனைவோர், பொருளோடு மற்றொன்றையும் குறித்துக்கொள்வது நல்லது: ஒவ்வொரு சொல்லும் யாரிடம் தயங்காமல் சொல்லப்படுகிறது, யார் முன்னால் விழுங்கப்படுகிறது என்பதை.