கழிவு போக நிறை

கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று பழகியவர்களுக்குத் தெரியும்: தராசு முள் காட்டுவது ஒரு நிறை, செக்ரோல் பதிவேட்டில் ஏறுவது வேறு நிறை. சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ என்று கணக்கப்பிள்ளை வெட்டிவிடுவார். எங்கள் தோட்டம் இருக்கிற இலங்கைக் குருவிட்டவில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆக ஈரக் கழிவு எங்களுக்கு நிரந்தரக் கழிவு. என் அம்மா கூடையை இறக்கியதும் முள்ளைப் பார்க்க மாட்டார், பென்சிலைத்தான் பார்ப்பார். சினிமா பார்க்கும்போது எனக்கும் அதே புத்தி. விருது, வசூல், கைதட்டல் எல்லாம் முள் காட்டும் நிறை. கழிவு போக என்ன மிஞ்சுகிறது என்பதுதான் என் கேள்வி.

இந்திய சினிமாவில் பெரிய படம் எது என்று பேச ஆரம்பித்தால் விடியும்வரை பேசலாம். நான் இரண்டு படங்களை மட்டும் தராசில் போடுகிறேன். இரண்டும் தமிழ்ப் படங்கள், இரண்டும் மலைத்தோட்டப் படங்கள்: பாலாவின் 'பரதேசி' (2013), லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018). சென்னையில் இருக்கும் விமர்சகர் இவற்றை ஒருவிதமாகப் பார்ப்பார். தோட்ட லயத்தின் தொங்கல் காம்பராவில் பிறந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களமும் மாலையில் தராசும் பார்த்து வளர்ந்தவன் வேறுவிதமாகத்தான் பார்ப்பான். இந்தப் பார்வை உயர்ந்தது என்று சொல்லவில்லை. ஆனால் இந்தப் படங்கள் பேசுவது எங்கள் பிழைப்பை. எங்கள் தராசிலும் ஒருமுறை ஏறி இறங்கட்டும்.

முதலில் என் சார்பைச் சொல்லிவிடுகிறேன். பாட்டும் அழுகையும் வந்தாலே முகம் சுளிக்கிற ஆள் நான் இல்லை. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து இறக்குமதி அதன் கைக்குப் போனபிறகு தமிழ்நாட்டுப் படங்கள் எங்களுக்கு அளந்தளந்தே வந்தன. வந்த பிரதியையே கோடு விழ விழத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். எண்பதுகளில் கோயில் திருவிழாவுக்கு வாடகை வீடியோ டெக் வந்தது. ஒரே இரவில் மூன்று படம். நடுவில் தூங்கியவனுக்கு மறுநாள் மலையில் கதை சொல்ல ஆள் இருக்கும். அப்படி வளர்ந்தவன், 'யதார்த்தப் படம்தான் நல்ல படம்' என்ற சூத்திரத்தை நம்ப மாட்டான்.

சூத்திரம் ஏன் தப்பு என்பதற்கு 'தில்லானா மோகனாம்பாள்' (1968) ஒன்றே போதும். ஏ.பி. நாகராஜன் எடுத்த அந்தப் படத்தில் நாடகம் இருக்கிறது, சூழ்ச்சி இருக்கிறது, நகைச்சுவை தாராளமாக இருக்கிறது. நாதஸ்வரம் வாசித்தவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். நாதஸ்வரக்காரராக நடித்த சிவாஜி ஒரு சுரமும் ஊதவில்லை. ஆனால் அவர் கன்னம் உப்புவதையும், மூச்சை எங்கே எடுக்கிறார், எங்கே அடக்குகிறார் என்பதையும், சீவாளியை வாயிலிருந்து எடுத்தபின் முகத்தில் தெரிகிற அலுப்பையும் கர்வத்தையும் பாருங்கள். ஒரு தொழில் மனிதன் உடம்பில் என்ன செய்கிறது என்பதை அந்த வர்த்தகப் படம் அறிந்து வைத்திருக்கிறது. நல்ல சினிமாவுக்கு நான் கேட்கிற முதல் தகுதி அதுதான். மிகையாக இருக்கட்டும், மிதமாக இருக்கட்டும். வேலை தெரிந்திருக்க வேண்டும்.

இந்தத் தகுதியோடு 'பரதேசி'க்கு வருவோம். பி.எச். டேனியல் என்ற மருத்துவர் ஆனைமலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். அங்கே கண்டதையும் கேட்டதையும் வைத்து 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆனது. அதைத் தழுவியது படம். வசனம் நாஞ்சில் நாடன், ஒளிப்பதிவு செழியன். சாலூர் என்ற வறண்ட கிராமம், அங்கே ஒட்டுப்பொறுக்கி என்று எல்லோரும் கூப்பிடுகிற ராசா, கங்காணி வந்து ஆசை காட்டுவது, ஊரே கிளம்புவது. இந்த முதல் பாதியில் பாலாவின் கை நடுங்கவேயில்லை. ராசா ஊராருக்கு ஓடியாடிச் செய்கிற எடுபிடி வேலைகளும் அவனை எல்லோரும் கேலி செய்தபடியே சோறு போடுவதும், ஒரு கிராமம் தன் ஏழையை எப்படி வைத்திருக்கும் என்பதன் சரியான படம்.

அப்புறம் அந்த நடை. வாரக்கணக்கில் நடந்து மலையேறும் கூட்டத்தில் ஒருவன் விழுகிறான். கங்காணி அவனை விட்டுவிட்டு நடக்கச் சொல்கிறான். பெண்சாதியை இழுத்துக்கொண்டு போகிறார்கள். பின்னால் தரையிலிருந்து ஒரு கை மட்டும் எழுகிறது. இடைவேளை. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுப்பாதையில் நடந்து, வழியிலேயே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் போனவர்களின் வாரிசுகள் நாங்கள். அந்தக் கையை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்திய சினிமாவில் எங்கள் வரலாற்றுக்கு இவ்வளவு நெருங்கி வந்த இன்னொரு சட்டகத்தை நான் பார்த்ததில்லை. அதை முழு நிறையாகவே எழுதிக்கொள்கிறேன்.

கழிவு மலையேறியபின் தொடங்குகிறது. தோட்டத்துக்கு வந்ததும் படம் வேலையை மறந்துவிடுகிறது. அடியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. கொழுந்து பறிப்பது பின்னணியாகிறது, சாட்டை முன்னணிக்கு வருகிறது. வெள்ளைத் துரை காமுகன், கங்காணி கயவன். சம்பளத்தில் பற்று போக மிச்சம் கடன்தான் என்று தெரிகிற கணக்குக் காட்சி ஒன்று இருக்கிறது. படத்தின் கருவே அதுதான். தோட்டம் ஆளைப் பிடித்து வைத்திருந்தது சாட்டையால் மட்டும் இல்லை, கடன் தீராத துண்டுக் கணக்கால். துரை நல்லவனாகவே இருந்திருந்தாலும் அந்தக் கணக்கு அப்படித்தான் முடிந்திருக்கும். பாலாவுக்கு அந்த இடத்தில் நிற்கப் பொறுமையில்லை, அடுத்த அடிக்கு ஓடுகிறார். கெட்டவன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) இருக்கிறதே. சுந்தரவடிவேலு யாரையும் சாட்டையால் அடிப்பதில்லை. வெள்ளை வேட்டியோடு அமைதியாகப் பேசியே வீட்டை நரகமாக்குகிறான். கடைசியில் ஆற்றை நோக்கி அவன் நடக்கும்போது நாம் வெறுப்பதா பரிதாபப்படுவதா என்று திகைக்கிறோம். 'பரதேசி'யின் துரையிடம் அந்தத் திகைப்புக்கு இடமே இல்லை.

இன்னொரு கழிவு, கொஞ்சம் பெரியது. நாவலை எழுதியவரே ஒரு மருத்துவர். படத்திலோ மருத்துவர் ஆட்டம் பாட்டத்தோடு மதம் பரப்ப வருகிற கோமாளி. தோட்டங்களில் மதமாற்றம் பேச வேண்டிய விஷயம்தான், பேசட்டும். ஆனால் கொள்ளைநோயில் சனம் செத்துக்கொண்டிருக்கும்போது குத்துப்பாட்டு வைத்துப் பேசுவது விமர்சனம் இல்லை, நக்கல். மூலநூலின் மனசாட்சியாக நின்ற தொழிலையே படம் கேலிச்சித்திரமாக்கிவிட்டது.

முடிவுக் காட்சிக்கு வருகிறேன். தப்பியோடிப் பிடிபட்டுக் கால்நரம்பு வெட்டப்பட்ட ராசா பாறைமேல் உட்கார்ந்து கதறுகிறான். புதிதாக வந்த கூட்டத்தில் அவனுடைய அங்கம்மா, கையில் பிள்ளை. நினைப்பு மகத்தானது. விடுதலையாக வர வேண்டியவளே அடுத்த அடிமையாக வந்து சேர்கிறாள். ஆனால் ராசாவாக நடித்த அதர்வா கதறக் கதற, எனக்குச் சத்யஜித் ரேயின் 'பாதேர் பாஞ்சாலி' (1955) ஞாபகம் வருகிறது. துர்கா இறந்தது தெரியாமல் ஊர் திரும்பிய அப்பா ஹரிஹர், மகளுக்கு வாங்கிய சேலையை எடுத்து நீட்டுகிறார். சர்வஜயா அந்தச் சேலையைப் பற்றிக்கொண்டு உடைகிறாள். அவள் வாய் திறக்கிறது, குரல் வரவில்லை. அந்த இடத்தைத் தார் ஷெனாயின் ஓலம் பிடித்துக்கொள்கிறது. குரலை எடுத்துவிட்டதால் அந்த அழுகை நம் தொண்டைக்குள் வந்துவிடுகிறது. ராசாவின் அழுகை அவனுடையதாகவே நின்றுபோகிறது. அவனுக்காக நாம் அழ மிச்சம் எதுவும் வைக்கப்படவில்லை.

'மேற்குத் தொடர்ச்சி மலை' எதிர்த்திசையில் நடக்கிற படம். தேனிப் பக்கத்து மலையில் ஏலக்காய் மூட்டை சுமக்கிற ரெங்கசாமிக்கு ஒரே ஆசை, சொந்தமாக ஒரு துண்டு நிலம். விஜய் சேதுபதி தயாரித்தார், இளையராஜா இசை, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு. முதல் பாதியில் கதை என்று சொல்ல அதிகமில்லை. இருட்டில் எழும்புகிறான், நடக்கிறான், டீக்கடையில் நிற்கிறான், மேலே ஏறுகிறான், சுமக்கிறான், இறங்குகிறான். ஆனால் அந்த ஏற்றத்தில் வேலை தெரிகிறது. மூட்டையின் பாரம் எந்தக் கால் வழியாக இறங்குகிறது, சுமைக்காரன் பேச்சை எந்த வளைவில் நிறுத்துகிறான், எங்கே மூச்சு வாங்குகிறான் என்பதெல்லாம் திரையில் இருக்கிறது. நாதஸ்வரக்காரரின் கன்னத்தில் நான் பார்த்ததை இங்கே ரெங்கசாமியாக நடித்த ஆண்டனியின் பிடரியில் பார்த்தேன்.

இந்தப் படத்தில் சாட்டை இல்லை, துரையும் இல்லை. பணம் சேர்கிறது, நிலக்காரக் குடும்பத்துச் சண்டையில் பத்திரம் நடக்காமல் போகிறது. சேமிப்பெல்லாம் போட்டு வாங்கிய ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் உருண்டுவிடுகிறது. மலைக்கு ரோடு வருகிறது, சுமைக்கூலி போகிறது. நிலம் கிடைத்தபின் விதையும் உரமும் கடனில் வருகின்றன, கடன் நிலத்தைக் கொண்டுபோகிறது. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் சிரித்த முகத்தோடு உதவித்தான் செய்கிறார். 'பரதேசி' கைவிட்ட துண்டுக் கணக்கை எழுபது எண்பது வருஷம் தள்ளி எழுதி முடித்தவர் லெனின் பாரதி.

இதற்கும் கழிவு உண்டு. தோழர் சாக்கோவும் தொழிற்சங்கத் தகராறும் கொலையும் சிறையும் அவசர அவசரமாக வந்து போகின்றன. சங்கம் எப்படி விலைபோகும் என்று எங்களுக்குத் தெரியும். ஒரு இரவில் போகாது, சந்தாப் பணம் பிடிக்கப் பிடிக்க வருஷக்கணக்கில் போகும். அந்த நிதானம் இங்கே இல்லை. ரெங்கசாமி சிறையில் இருந்த காலமெல்லாம் காட்டைத் தாங்கியது மனைவி ஈஸ்வரி. ஆனால் கணவனின் சுமைக்குக் கொடுத்த நேரத்தில் கால்வாசியைக்கூட அவளுடைய வேலைக்குப் படம் கொடுக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் கூடை சுமப்பது பெண்கள். இந்தக் குறை எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

'அடக்கம்தான் உயர்வு என்பது படித்தவன் ருசி' என்று யாராவது சொன்னால் சட்டென்று தள்ளிவிட முடியாது. 'பரதேசி'யை லயத்தில் என் பெரியம்மாவோடு டிவியில் பார்த்தேன். ஐம்பது வருஷம் ரப்பர் பால் வெட்டியும் கொழுந்தெடுத்தும் ஓய்ந்த கை அவருடையது. அந்த நடையைப் பார்த்து, "எங்க அப்பாயி சொன்ன கததான்டா இது" என்று தேம்பினார். அந்தக் கண்ணீரைக் கழிவில் போட எனக்கு உரிமை இல்லை. ஆனால் கவனியுங்கள், அவர் அழுதது நடைக்கு. பின்பாதி அடியெல்லாம் வந்தபோது எழுந்து போய் அடுப்பில் உலை வைத்தார். "இவனுக அடிச்சுக்கிட்டேதான் இருப்பானுக." அவர் ருசிக்கும் என் ருசிக்கும் தூரம் அதிகமில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது: 'பரதேசி' பெரிய படமாக வந்திருக்க வேண்டிய பாதிப் படம். 'மேற்குத் தொடர்ச்சி மலை' குறையோடு வந்த பெரிய படம். 'பாதேர் பாஞ்சாலி'யின் பக்கத்தில் வைக்க இன்னும் ஒரு பிடி குறையும். ஆனால் மலையில் வேலை செய்து பிழைக்கிறவனைப் பற்றித் தமிழில் நான் பார்த்தவற்றில் கழிவு போக அதிகம் மிஞ்சுவது அதில்தான். எங்கள் நாட்டு வி.பி. கணேசனின் தோட்டப் படம் 'புதிய காற்று' (1975) மீது எனக்குத் தீராத பாசம் உண்டு. பாசத்தைத் தராசில் ஏற்ற மாட்டேன்.

'மேற்குத் தொடர்ச்சி மலை'யையும் பெரியம்மாவோடுதான் இரண்டாம் தடவை பார்த்தேன். முதல் பாதியில் கண்ணயர்ந்தார், மறைக்கவில்லை. கடைசிக் காட்சிக்கு விழித்திருந்தார். இழந்த தன் நிலத்திலேயே முளைத்த காற்றாலைக்குச் சீருடை போட்டுக் காவல் இருக்கிறான் ரெங்கசாமி. மலையை அகலமாகக் காட்டும் சட்டகங்கள் முன்பும் உண்டு. ஆனால் தோளோடு தோளாக அவனோடு நடந்த கேமரா இங்கே அவனை விட்டுவிட்டு எழும்புகிறது, எழும்புகிறது, ஆள் புள்ளியாகிறான், காற்றாலைகள் மட்டும் சுற்றுகின்றன. பெரியம்மா அழவில்லை. ஏழு பேர்ச் காணி தருகிறோம் என்று எத்தனையோ பேர் வந்து பெயர் எழுதிக்கொண்டு போன வாசலைப் பார்த்தபடி கேட்டார்:

"அவன் காவல் நிக்கிறது அவன் காணியிலயா?"

"ஆமா பெரியம்மா."

"சம்பளம் மாசத்துக்கா, இல்ல நாள் பேருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. படத்திலும் சொல்லவில்லை.