குறிஞ்சித் திணையும் அயல் வரவும்

அயலார் வரவாற் பண்பாடு கெடும் என்பாரும், வரவு அனைத்தும் வளமே என்பாரும் இக்காலத்துப் பலர். இவ்விரு கொள்கைகளையும் பழனி மலைத்தொடரை நிலைக்களனாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். இம்மலையடிப் பழனியே மாமூலனார் அகநானூற்று முதற்பாட்டில் ஆவியின் ஊராகக் குறிக்கும் பொதினி என்ப. ஆதலின் குறிஞ்சி பற்றிய ஆராய்ச்சிக்கு இஃது ஏற்ற களமாம்.

ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்பொருட்டுக் கபிலர் குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்பது அப்பாட்டின் இறுதிக் குறிப்பால் அறியப்படும். தமிழ் என்றது ஈண்டு அகப்பொருள் மரபை. தலைவியும் தோழியும் கொய்து பாறையிற் குவித்த பூக்களாகக் குறிஞ்சி உள்ளிட்ட 99 பெயர்களை அப்பாட்டு அடுக்குகின்றது. இறுதிக் குறிப்புப் பிற்காலத்தது எனினும், திணைமரபு பிறப்பான் வருவதன்று, கற்பித்தலான் வருவது எனப் பாட்டைப் போற்றினோர் கருதினமை அதனாற் பெறப்படும்.

இக்கருத்திற்குக் கோடைக்கானல் சான்று பகர்கின்றது. 1845இல் அமெரிக்கச் சமயத்தொண்டர் குடியேறியதால் வளர்ந்த ஊர் அது. அங்கே 1936இல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை எடுப்பித்தவர், ஆசுத்திரேலியாவிலிருந்து வந்து, இலங்கைப் பெருமகனார் பொன்னம்பலம் இராமநாதனை மணந்த லீலாவதி அம்மையார். மலைத்தெய்வத்தை அம்மலைப் பூவின் பெயரால் வழிபட அமைந்த கோயில், கருப்பொருள் மரபிற்கு முற்றும் இயைந்ததன்றோ!

அதே ஆசுத்திரேலியாவினின்று தைலமரமும் வாட்டில் மரமும் வந்தன. தோல் பதனிடவும் விறகிற்கும் பரப்பப்பட்ட அவை, சோலைகளை அடுத்த புல்வெளிகளைக் கவர்ந்துகொண்டன. 12 ஆண்டுக்கொருமுறை மலரும் குறிஞ்சிக்கு உரிய நிலம் அப்புல்வெளியே. 2006இலும் 2018இலும் அது மலர்ந்தது உண்மையே. எனினும் மலரும் பரப்புக் குறுகிற்று.

புதியன புகுதல் மரபன்றோ எனின், அற்றன்று. அமெரிக்க மிளகாய் நம் உணவுள் ஒன்றாய்ப் புகுந்தது, மிளகை ஒழித்திலது. வாட்டிலோ குறிஞ்சியின் இடத்தையே கொண்டது. ஆகவே, வந்தது எந்நாட்டது என்பது வினாவன்று. வந்தது ஈண்டுள்ள ஒழுங்கினுட் புகுந்ததா, அதனை அகற்றிற்றா என்பதே வினா. அயன்மை பற்றிய கூச்சலும் பொதுமை பற்றிய பெருமிதமும் இவ்வினாவை மறைப்பன.

அகற்றியவருள் அயலார் மட்டுமல்லர். விடுதலைக்குப் பின்னரும் அம்மரங்களை நட்டவர் நம்மவரே. பூவைக் காணாது பூப்பெயர்க்கு உரை மனப்பாடம் செய்யும் நம் வகுப்பறைக்கும் இதிற் பங்குண்டு. பளியர் முதலிய மலைமக்கள் வழங்கும் பூப்பெயர்களைத் தொகுத்து, 99 பெயர்களோடு ஒப்பிடுதல் தமிழ்த்துறைகளின் உடனடிக் கடனாகும். பெயரறிவார் மறைந்தபின் அவ்வாராய்ச்சி இயலாது.