யார் கூப்பிட்ட பெயர்?

எரிகோ பட்டணத்துக்கு வெளியே சாலையோரம் உட்கார்ந்து பிச்சை கேட்டுக்கொண்டிருந்தவர் பர்திமேயு. பார்வை இல்லாதவர். அன்றைக்குச் சாலையில் பெருங்கூட்டம். போகிறவர் யார் என்பது அவர் காதில் விழுகிறது: நாசரேத்து ஊர் இயேசு. கூட்டத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான், ஆள் பெயரும் ஊர்ப் பெயரும். ஆனால் பர்திமேயு வாயைத் திறந்ததும் வருவது வேறு பெயர். தாவீதின் குமாரனே என்று கூப்பிடுகிறார். தாவீது ராஜாவின் வம்சத்தில் ஒருவர் வருவார் என்று தலைமுறை தலைமுறையாக ஒரு ஜனம் காத்திருந்ததே, அவருக்குரிய பட்டம் அது. சும்மா இரு என்று பலரும் அதட்டுகிறார்கள். அவரோ இன்னும் உரக்க அதே பெயரைச் சொல்கிறார். கண் தெரிந்தவர்களுக்கு ஊர் தெரிந்தது, கண் தெரியாதவருக்கு ராஜா தெரிந்தார். மாற்கு தம் சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரத்தில் இதைச் சொல்லிவிட்டு, ஒரு வார்த்தைகூட விளக்காமல் மேலே போய்விடுகிறார்.

பிள்ளைகளுக்கு இயேசுவின் பெயர்களையும் பட்டங்களையும் வீட்டில் சொல்லிக்கொடுக்க நினைக்கும் அப்பா அம்மாவுக்கும், தாத்தா பாட்டிக்கும் இந்தச் சாலையோரத்தைத்தான் முதலில் காட்டத் தோன்றுகிறது. நல்ல மேய்ப்பன், சமாதானப் பிரபு, தேவ ஆட்டுக்குட்டி, அல்பா ஓமெகா என்று ஒரு மூச்சில் ஒப்பிக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் நிறைய உண்டு. ஞாயிறு பள்ளியும் விடுமுறை வேதாகமப் பள்ளியும் தந்த வரம் அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் பட்டியலில் வரும்போது எல்லாப் பெயர்களும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. வேதத்திலோ ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வாய் உண்டு, ஓர் இடம் உண்டு, ஒரு நேரம் உண்டு. யாரோ ஒருவர் பயத்திலோ பசியிலோ அழுகையிலோ இருந்தபோது பிறந்த பெயர்கள் அவை. அந்த ஆளையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வகுப்பில் நேரம் போதாது. சாயங்கால ஜெபத்துக்குப் பாய் விரித்து உட்காரும் வீட்டில் போதும்.

யோவான் 4ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சமாரியாவில் சீகார் என்ற ஊர், ஊருக்கு வெளியே யாக்கோபின் கிணறு, உச்சிவெயில். தண்ணீர் மொள்ள வந்த பெண்ணிடம் இயேசு தாகத்துக்குக் கேட்கிறார். அந்தப் பெண் கண்ணுக்கு அவர் முதலில் ஒரு யூதர், அவ்வளவே. யூதரான நீர் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்பதா என்கிறாள். சற்றுப் பேசியதும் ஆண்டவரே என்று மரியாதை வருகிறது. நம் தகப்பன் யாக்கோபைவிட நீர் பெரியவரோ என்று ஒரு கேள்வியும் கூடவே வருகிறது. தன் வாழ்க்கையை அவர் திறந்து காட்டியதும், தீர்க்கதரிசி. பிறகு குடத்தைக் கிணற்றடியிலேயே வைத்துவிட்டு ஊருக்குள் போய், இவர் கிறிஸ்துவாக இருப்பாரோ என்று சொல்கிறாள். கடைசியில் ஊர் ஜனமே திரண்டு வந்து, அவரை இரண்டு நாள் தங்கவைத்துக் கேட்டபின் சூட்டிய பெயர் உலக இரட்சகர்.

ஒரே அதிகாரத்துக்குள் யூதர் என்று தொடங்கி உலக இரட்சகர் வரை ஏறிவிடுகிறது கதை. ஒரு படியும் எகிறித் தாண்டப்படவில்லை. பிள்ளைகளோடு இதை வாசிக்கும்போது ஒரு பென்சிலைக் கையில் கொடுத்து, அவரை யார் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று மட்டும் கோடு போடச் சொல்லுங்கள். வேறு விளக்கமே வேண்டாம். கோடுகளை மேலிருந்து கீழே வாசித்ததும், அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்ததா என்று பிள்ளையே கேட்கும். ஆமாம், எல்லாருக்கும் அப்படித்தான் என்று சொன்னால் போதும். அடுத்த வாரம் 9ஆம் அதிகாரத்தைக் கொடுங்கள். பிறவியிலேயே பார்வையில்லாதிருந்தவர் இயேசு என்கிற ஒரு மனிதர் என்று ஆரம்பித்து, தீர்க்கதரிசி என்று சொல்லி, முடிவில் அவரைப் பணிந்துகொள்ளும் இடம்வரை பிள்ளைகளே கோடு போட்டுவிடுவார்கள்.

பிறர் சூட்டிய பெயர்கள் ஒருபுறம் இருக்க, அவரே தம்மைப்பற்றிச் சொன்னவை ஏழு, யோவானில் வரிசையாகக் கிடைக்கின்றன: ஜீவ அப்பம், உலகத்தின் ஒளி, வாசல், நல்ல மேய்ப்பன், உயிர்த்தெழுதலும் ஜீவனும், வழியும் சத்தியமும் ஜீவனும், மெய்யான திராட்சச்செடி. இவற்றில் எதுவும் வெறும் காற்றில் சொல்லப்படவில்லை. ஐயாயிரம் பேர் வயிறாரச் சாப்பிட்ட மறுநாள், கப்பர்நகூம் ஜெப ஆலயத்தில்தான் ஜீவ அப்பம் என்ற பெயர் வருகிறது. அந்த விருந்துக்கு முதல் போட்டவன் ஒரு சிறுவன். அவனிடம் இருந்தவை வாற்கோதுமை அப்பங்கள் என்று குறித்துவைத்தவர் சுவிசேஷம் எழுதிய நால்வரில் யோவான் ஒருவரே. ஏழைகளின் தானியம் அது. ஒரு பிள்ளை கொடுத்த ஏழை அப்பத்திலிருந்து ஆண்டவரின் ஒரு பட்டம் பிறந்தது என்பதைக் கேட்கிற எந்தப் பிள்ளைக்கும் முகம் மலரும்.

உலகத்தின் ஒளி என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் காட்சி இன்னும் அழகு. எருசலேமில் கூடாரப் பண்டிகை சமயம். அந்தப் பண்டிகையின் இரவுகளில் தேவாலயத்தின் பெண்கள் முற்றத்தில் பெரிய பொன் விளக்குத்தண்டுகள் ஏற்றப்பட்டதை மிஷ்னா என்னும் யூதர்களின் பழைய நூல் விவரிக்கிறது. ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் நான்கு பொன் கிண்ணங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு ஏணிகள். இளம் ஆசாரியர்கள் எண்ணெய்க் குடங்களோடு ஏறி ஊற்றுவார்கள். திரி எதில் தெரியுமா? ஆசாரியர்கள் உடுத்திப் பழசாகிப்போன கால்சட்டைகளையும் இடைக்கச்சைகளையும் கிழித்துத் திரித்தது. இந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நகரத்து வீட்டு முற்றங்கள் வரை அந்த வெளிச்சம் எட்டியதாக அந்நூல் சொல்கிறது. அந்தப் பண்டிகையை ஒட்டித்தான், அதே தேவாலயத்தில், காணிக்கைப் பெட்டிகள் இருந்த இடத்தில் நின்று, தாமே உலகத்துக்கு ஒளி என்றார் இயேசு. ஊர் வரைக்கும் எட்டிய விளக்குகளைப் பார்த்துப் பழகியவர்களிடம், உலகம் முழுவதற்கும் என்று சொன்னதில் இருக்கிறது அந்தச் சொல்லின் துணிவு. கரண்ட் போன ராத்திரியில் மெழுகுவத்தியைச் சுற்றி உட்கார்ந்து சொல்ல இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. இருட்டைக் கண்டு பயப்படும் சின்னப் பிள்ளைக்கு அன்றைக்கே அந்தப் பெயர் சொந்தமாகிவிடும்.

உயிர்த்தெழுதலும் ஜீவனும் என்ற பெயரோ துக்க வீட்டில் சொல்லப்பட்டது. கேட்டவள் மார்த்தாள்; லூக்காவில் வீட்டு வேலை மும்முரத்தில் நாம் சந்திக்கும் அதே மார்த்தாள். சகோதரன் லாசரு கல்லறையில் இருக்கும்போதே, அவனை எழுப்புவதற்கு முன்னாலேயே, இந்தப் பெயரை அவளுக்குக் கொடுக்கிறார். அப்பம் கொடுத்துவிட்டுப் பிறகு பெயர் சொன்னவர், இங்கே பெயரை முதலில் கொடுத்துவிட்டு அற்புதத்தைப் பிறகு செய்கிறார். கண்ணீர் காயாத மார்த்தாள் பதிலுக்கு மூன்று பட்டங்களைச் சேர்த்தே சொல்கிறாள்: கிறிஸ்து, தேவகுமாரன், உலகத்தில் வருகிறவர். அடுப்படிக்காரி என்று நாம் ஒதுக்கிவைத்தவள் வாயிலிருந்து வந்த விசுவாச அறிக்கை இது. இதைப் பெண்பிள்ளைகளுக்கு நிறுத்திச் சொல்ல வேண்டும்.

மேய்ப்பன் என்ற பெயர் பிள்ளைகளுக்கு எப்போதுமே பிடித்தது. தோளில் ஆட்டுக்குட்டி சுமக்கும் படம் இல்லாத ஞாயிறு பள்ளி இல்லை. ஆனால் படத்தில் வராத ஒரு நுணுக்கம் யோவானில் இருக்கிறது. 10ஆம் அதிகாரத்தில், மேய்ப்பன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான், அவை அவன் குரலை அறியும் என்கிறார். பத்து அதிகாரங்கள் தள்ளி, உயிர்த்தெழுந்த காலையில், கல்லறைத் தோட்டத்தில் மகதலேனா மரியாள் அழுதுகொண்டு நிற்கிறாள். எதிரில் நிற்பவர் தோட்டக்காரர் என்று எண்ணி, ஐயா என்கிறாள். அவர் மரியாளே என்று ஒரே ஒரு சொல் சொல்கிறார். உடனே அவள் வாயிலிருந்து ரபூனி, அதாவது போதகரே, என்ற பட்டம் வருகிறது. முகத்தைப் பார்த்து அறியாதவள் குரலைக் கேட்டு அறிந்தாள். அங்கே போதித்ததை இங்கே செய்து காட்டிவிட்டார். அவருடைய பெயரை நாம் சொல்வதற்கு முன்னே நம் பெயரை அவர் சொல்கிறார் என்பதைப் பிள்ளைக்கு உணர்த்த இந்த ஒரு காட்சி போதும். வாசிக்கும்போது மரியாளே என்ற இடத்தில் உங்கள் பிள்ளையின் பெயரைப் போட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

வெளிப்படுத்தின விசேஷம் பிள்ளைகளுக்கு ஆகாது என்று ஒதுக்குகிறவர்கள் 5ஆம் அதிகாரத்தை மட்டுமாவது விட்டுவிடக் கூடாது. முத்திரை போட்ட புஸ்தகத்தைத் திறக்க ஒருவரும் இல்லையே என்று யோவான் அழுகிறார். அழாதே, யூதா கோத்திரத்துச் சிங்கம் ஜெயித்துவிட்டது என்று மூப்பர் ஒருவர் சொல்கிறார். இங்கே நிறுத்தி, இப்போது என்ன தெரியப்போகிறது என்று கேளுங்கள். சிங்கம் என்பார்கள் பிள்ளைகள், கர்ஜிக்கவும் செய்வார்கள். பிறகு அடுத்த வசனத்தை வாசியுங்கள். யோவான் பார்த்த இடத்தில் நின்றது அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி. காதுக்குச் சிங்கம், கண்ணுக்கு ஆட்டுக்குட்டி, இருவரும் ஒருவரே. பலம் என்றால் என்ன என்று பெரிய பெரிய புத்தகங்கள் சொல்ல முயல்வதை இந்த இரண்டு பட்டங்களும் அடுத்தடுத்து நின்று சொல்லிவிடுகின்றன.

நம் வீடுகளும் அவருக்குச் சில பெயர்களைச் சூட்டியிருக்கின்றன. இயேசப்பா என்று பிள்ளைகள் கூப்பிடுவது அப்படி ஒன்று. ஏசாயா 9ஆம் அதிகாரத்தில் ஐந்து விரலில் எண்ணும்படி வரும் ஐந்து பெயர்களில் நித்திய பிதா என்பதும் ஒன்றாகையால், இந்தச் செல்லப் பெயர் வேதத்துக்கு அந்நியமும் அல்ல. பல வீடுகளின் முன்னறையில் கிறிஸ்துவை வீட்டின் தலைவராகவும், சாப்பாட்டு வேளையில் கண்ணுக்குத் தெரியாத விருந்தினராகவும், பேச்சையெல்லாம் அமைதியாகக் கேட்பவராகவும் சொல்லும் வாசகப் பலகை தொங்குகிறது. அந்த மூன்றும் பட்டங்களே. விருந்தினர் எங்கே உட்காருவார் என்று பிள்ளை கேட்டால் அதட்டாமல் ஓர் இடம் ஒதுக்கிக் காட்டுங்கள். பேச்சைக் கேட்பவர் என்ற மூன்றாவது பட்டத்தைப் பெரியவர்கள்தான் முதலில் படிக்க வேண்டும்.

நம் குடும்பங்களில் ஒரு இம்மானுவேல் சித்தப்பாவோ மாமாவோ இருப்பார். அந்தப் பெயரின் பொருள் தேவன் நம்மோடு இருக்கிறார் என்பது. மத்தேயு தம் முதல் அதிகாரத்தில் இதைச் சொல்கிறார். 28ஆம் அதிகாரத்தில், கலிலேயா மலையில், உலகத்தின் முடிவுவரை நான் உங்களோடு இருக்கிறேன் என்ற இயேசுவின் வாக்கோடு சுவிசேஷம் முடிகிறது. தொடக்கத்தில் பெயராக வந்தது முடிவில் வாக்குறுதியாகிவிட்டது. நடுவில் உள்ள கதை முழுவதும் அந்தப் பெயரின் விளக்கம். டிசம்பரில் நட்சத்திர விளக்கு கட்டும்போது முதல் அதிகாரத்தை வாசிக்கும் வீடுகள், அதே வாரத்தில் கடைசி வசனத்தையும் சேர்த்து வாசித்தால் இந்த அழகு பிள்ளைகளுக்குத் தானே புலப்படும்.

சொல்லிக்கொடுக்கும் முறையையும் அவரே காட்டியிருக்கிறார். பிலிப்புச் செசரியா பக்கத்தில் சீஷர்களிடம் அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். ஜனங்கள் என்னை யார் என்கிறார்கள் என்பது முதலாவது. அதற்கு எல்லாரும் பதில் சொன்னார்கள்: யோவான்ஸ்நானன், எலியா, எரேமியா. நீங்கள் என்னை யார் என்கிறீர்கள் என்பது இரண்டாவது. அதற்குப் பேதுரு ஒருவரே வாய் திறந்தார். நாம் பிள்ளைகளுக்குப் பட்டியல் கொடுக்கும்போது முதல் கேள்விக்கே பதில் தருகிறோம். அது அவசியம், அது இல்லாமல் இரண்டாவதற்குப் போக முடியாது. ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. தேர்வுக்குப் போகும் காலையில் ஆலோசனைக் கர்த்தரே என்று ஒரு பிள்ளை தானாக ஜெபித்தால், சண்டை போட்டுவிட்டு வந்த ராத்திரியில் சமாதானப் பிரபுவே என்று முணுமுணுத்தால், அது இரண்டாவது கேள்விக்கான பதில். ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு எத்தனை பெயர்கள் தெரியும் என்று எண்ணாதீர்கள். தனக்கென்று வரும்போது எந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிடுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள்.