பெயரற்றவனின் முதலிடம்
‘காங்ஸ்டர் நம்பர் வன்’ திரைப்படத்தில் அழுக்காறும் உடைமையும்

வன்முறையைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்களை மதிப்பிடுமிடத்து முற்போக்கு விமர்சகரிடையே இருவகைப் போக்குகள் காணப்படுவதுண்டு. அவற்றைச் சீரழிந்த முதலாளித்துவப் பண்பாட்டின் நச்சுவெளிப்பாடு எனக் கூறி ஒதுக்கிவிடுதல் ஒன்று. கொள்ளைக்கூட்டத் தலைவன் முதலாளியின் குறியீடு எனச் சமன்பாடொன்றை எழுதி அத்துடன் ஆய்வை முடித்துக்கொள்ளுதல் மற்றையது. முன்னையது அறவியலாரின் கண்டனத்திலிருந்து அதிகம் வேறுபடுவதன்று. பின்னையதோ எந்தப் படத்துக்கும் பொருந்துவது. ஆதலின் எந்தப் படத்தையும் விளக்காதது. இவ்விரண்டையும் விடுத்து, குறித்த ஒரு படைப்பு தன் வடிவத்தின் மூலமாகச் சமூக உறவொன்றை எவ்வாறு புலப்படுத்துகின்றது, எங்கு அதனை மறைக்கின்றது என வினவுவதே பயனுடையதாகும். 2000ஆம் ஆண்டில் போல் மக்கிகன் நெறியாள்கையில் வெளிவந்த ‘காங்ஸ்டர் நம்பர் வன்’ என்னும் பிரித்தானியத் திரைப்படம் இத்தகைய வினாவுக்கு உரிய படைப்பாகும்.

மேடை நாடகமொன்றை அடியாகக்கொண்ட இப்படத்தின் கதை எளிமையானது. 1968ஆம் ஆண்டு இலண்டனில் பிரெடி மேய்ஸ் என்னும் குற்றக்குழுத் தலைவனிடம் இளைஞன் ஒருவன் அடியாளாகச் சேர்கிறான். தலைவனின் உடை, காலணி, கழுத்துப்பட்டி ஊசி, வீடு ஆகிய யாவும் அவனை ஈர்க்கின்றன. பிரெடி, கரென் என்னும் பெண்ணிடம் காதல் கொள்வது அவனுக்குப் பொறுக்கவியலாததாகின்றது. எதிர்க்குழுத் தலைவனாகிய லெனி டெய்லர், பிரெடியைக் கொல்லத் திட்டமிட்டிருப்பதை அறிந்தும் அவன் அதனை மறைத்துவிடுகிறான். தாக்குதலில் பிரெடியும் கரெனும் படுகாயமுற்றும் உயிர்தப்புகின்றனர். இளைஞன் டெய்லரைச் சித்திரவதை செய்து கொல்கிறான். அக்கொலைக்காகப் பிரெடி முப்பது ஆண்டுச் சிறைத்தண்டனை பெறுகிறான். அவனது இடம் முழுவதும் இளைஞனுக்கு உரியதாகின்றது. நூற்றாண்டின் இறுதியில் பிரெடி விடுதலையாகி வரும்போது இருவரும் மீண்டும் சந்திக்கின்றனர்.

கதை நிகழும் காலம் தற்செயலாகத் தெரிவுசெய்யப்பட்டதன்று. 1960ஆம் ஆண்டின் பந்தய, சூதாட்டச் சட்டம் இலண்டனில் சூதாட்ட விடுதிகள் பெருகுவதற்கு வழிதிறந்தது. மறைவில் நடந்த தொழிலொன்று சட்டத்தின் நிழலில் பெருவணிகமாக மாறிற்று. கிழக்கு இலண்டனில் தோன்றிய கிறே சகோதரர்கள் மேற்கு இலண்டனின் கேளிக்கை விடுதிகளில் பிரபுக்களோடும் நடிகர்களோடும் புகைப்படங்களுக்குக் காட்சிதந்தமை இச்சூழலிலேயே சாத்தியமாயிற்று. அவர்கள் 1968இல் கைதாகி, 1969இல் ஆயுட்தண்டனை பெற்றனர். குறைந்தது முப்பது ஆண்டுகள் சிறையிலிருக்க வேண்டுமென நீதிபதி பரிந்துரைத்தார். பிரெடியின் முப்பது ஆண்டுகளில் இவ்வரலாற்றின் எதிரொலியைக் கேட்கலாம். ‘மேபெயரின் கசாப்புக்காரன்’ என்பது அவனுக்கு வழங்கும் பட்டப்பெயர். மேபெயர் இலண்டனின் செல்வந்தர் பகுதியாகும். கசாப்புத் தொழிலும் செல்வரின் வீதியும் ஒரே தொடரில் இணைந்திருப்பது மனங்கொள்ளத்தக்கது.

அறநூல்கள் அழுக்காற்றைத் தனிமனித மனத்தின் மாசாகவே கண்டன. உள்ளத்தைத் தூய்மைப்படுத்தினால் அது நீங்கும் என்பது அவற்றின் துணிபு. இப்படம் தரும் சித்திரம் வேறானது. இங்கு அழுக்காறு ஒரு பார்வையாகத் தொடங்குகின்றது. பிரெடியை முதன்முதலிற் காணும் இளைஞனின் கண்கள் மனிதனின் முகத்தில் மட்டும் நிலைகொள்வதில்லை. அவன் அணிந்திருப்பவற்றின்மீது ஒவ்வொன்றாக ஊர்கின்றன. கமெராவும் அவ்வாறே ஊர்கின்றது. அவன் பொருள்களை விரும்புகிறானா, அன்றி அம்மனிதனாகவே ஆகிவிட விரும்புகிறானா என்பதைப் பிரித்தறிய முடியாதவாறு காட்சி அமைகின்றது. பணத்தைக் கொண்டு எதனைப் பெற முடியுமோ அதுவாகவே மனிதன் ஆகிவிடும் நிலையை மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதிகளில் ஆராய்ந்தார். பொது அழுக்காறென்பது பேராசை பூண்டுகொள்ளும் மறைவடிவம் என்பதையும் அவர் அங்கு சுட்டிக்காட்டுகிறார். ‘இருத்தல்’ என்பது ‘உடைத்திருத்தல்’ எனச் சுருங்கிவிட்ட சமூகத்தில், ஒருவனாக ஆவதற்கு ஒரே வழி அவனுடையவற்றைக் கைப்பற்றுவதே என்னும் மயக்கம் பிறக்கின்றது. இளைஞனின் நோய் அவனோடு பிறந்ததன்று; அவன் வாழும் சமூகத்தின் பொதுநியதியை அவன் எல்லை கடந்து பின்பற்றுகிறான் என்பதே உண்மை.

படத்தின் மிகக் கொடிய காட்சி இதற்குச் சான்றாகின்றது. டெய்லரைக் கொல்ல வந்த இளைஞன் கோடரி முதலிய கருவிகளை ஒழுங்காக எடுத்து வைக்கிறான். பின்னர் தன் உடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறான். இரத்தக்கறை படாமற் காக்கப்படவேண்டியது உடையே. மனித உடல் சிதைக்கப்படலாம். உடையின் மடிப்புக் கலையலாகாது. பண்டம் மனிதனுக்குரிய மதிப்பையும், மனிதன் பண்டத்துக்குரிய நிலையையும் பெறுகின்ற தலைகீழ் உறவை விளக்கப் பல பக்கங்கள் வேண்டப்படும். இங்கு அது ஒரு சில நிமிடச் செயலாகவே நிகழ்ந்துவிடுகின்றது. இக்காட்சியிற் கமெரா பாதிக்கப்படுபவனின் இடத்தில் நிற்கிறது என்பதும் குறிப்பிடத்தக்கது. நாம் காண்பது சிதையும் உடலை அன்று, சிதைப்பவனின் முகத்தை. டெய்லரின் நினைவு மங்குந்தோறும் திரையும் மங்குகின்றது. கொல்பவனின் பெருமிதத்தில் பங்குகொள்ளப் பார்வையாளனுக்கு வாய்ப்பளிக்காமல், அவனைக் கொல்லப்படுபவனின் இருக்கையில் அமர்த்துகிறது இவ்வுத்தி. வன்முறையைக் காட்டுதல் வேறு, அதனை நுகரத்தருதல் வேறு என்பதற்கு இது நல்லதோர் உதாரணம் எனலாம்.

துரோகம் சித்திரிக்கப்படும் முறையும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. குற்றக்குழுவின் உள்ளுறவுகள் நிலமானியச் சாயல் கொண்டவை: தலைவன், அடியாள், விசுவாசம், கொடை. ஆயினும் அது இயங்கும் களம் சந்தையாகும். விசுவாசம் என்னும் பழைய மொழியும் போட்டி என்னும் புதிய நியதியும் ஒரே மனிதனுள் மோதும்போது துரோகம் விளைகின்றது. இத்துரோகத்துக்கு இளைஞன் செய்யவேண்டியிருந்தது யாது? எதுவுமில்லை. பிரெடி சுடப்படுகையில் அவன் சற்றுத் தொலைவில் காரினுள் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். எஞ்சியதை நீதிமன்றம் நிறைவேற்றிவிடுகின்றது. நிரபராதியான ஒருவனுக்கு - குறைந்தபட்சம் இக்குற்றத்தில் நிரபராதியானவனுக்கு - அரசு வழங்கிய தண்டனையே புதிய தலைவனின் மூலதனமாகிறது.

அவ்வாறு முதலிடம் பெற்றவனுக்குப் படத்தில் இறுதிவரை பெயரில்லை. அவனுக்கு உரியது ஓர் இலக்கம் மட்டுமே. பெயர் தனித்தன்மையைக் குறிப்பது. இலக்கமோ ஒப்பீட்டினால் மட்டும் பொருள்பெறுவது. இரண்டாமவன் இருந்தாலன்றி முதலாமவன் இல்லை. இளமையில் போல் பெற்றனியும் முதுமையில் மல்கம் மக்டவலுமாக இப்பாத்திரத்தை இருவர் ஏற்றுள்ளனர். பிரெடியாக டேவிட் தியூலிசும் கரெனாகச் சப்ரன் பறோசும் இரு பருவங்களிலும் தாமே நடித்துள்ளனர். சிறையிலும் துயரத்திலும் வாழ்ந்தவர்கள் அதே மனிதராக மூப்படைய, எல்லாவற்றையும் சேர்த்தவனோ தன் முகத்தை இழந்துவிடுகிறான். நடிகர் தெரிவு இவ்விடத்தில் கருத்தாகவே மாறிவிடுகின்றது. இறுதிச் சந்திப்பில் அவன் தன் துரோகத்தைக் கூறிப் பிரெடியைத் தன்னைக் கொல்லுமாறு தூண்டுகிறான். பிரெடி மறுக்கிறான், கரெனோடு வாழப் போவதாகக் கூறுகிறான். போட்டியிலிருந்து மற்றவன் விலகிவிட்டபின் முதலிடத்துக்கும் பொருளில்லை. மாடியுச்சியிலிருந்து அவன் விழும்போது, தானே முதல்வன் எனக் கேட்பாரின்றிக் கத்துகிறான்.

இத்துணைச் சிறப்புகளிருந்தும் படத்தின் வரையறைகளை மறைத்தல் விமர்சன நேர்மையாகாது. முதலாவதாக, பிரெடியின் மீட்சி மிக மலிவாகக் கிடைத்துவிடுகிறது. கசாப்புக்காரன் எனப் பெயரெடுத்தவன் காதலால் தூய்மையடைந்துவிட, அவன் பழைய தொழிலால் அழிந்தவர்கள் கணக்கில் வராதொழிகின்றனர். நல்ல தலைவன், தீய தலைவன் என்னும் எதிர்மை எல்லாத் தலைமைக்கும் அடிப்படையான சுரண்டலைக் கண்ணுக்கு மறைக்கின்றது. இரண்டாவதாக, கரென் இரு ஆடவரின் போட்டிக்கு அளவுகோலாக நிற்கிறாளேயன்றித் தனக்கென ஒரு வரலாறு உடையவளாக வளர்க்கப்படவில்லை. மூன்றாவதாக, இக்குழுக்களுக்குக் கப்பம் செலுத்திய சிறுவணிகரோ விடுதித் தொழிலாளரோ படத்தின் மையத்துக்கு வருவதில்லை. பிரித்தானியச் சமூகம் பெருமாற்றங் கண்ட மூன்று தசாப்தங்கள் தனியொருவனின் ஏற்றத்தைக் காட்டும் துரிதக் காட்சிகளாகச் சுருங்கிவிடுகின்றன.

இவ்விடத்து முன்னைய இரு படங்களை ஒப்புநோக்கலாம். மைக் ஹொட்ஜஸின் ‘கெற் காட்டர்’ (1971) நியூகாசில் நகரின் தொழிற்சாலைச் சூழலைக் கதையின் தசையாக்கியது. நிலக்கரிக் கழிவு கடலிற் கொட்டப்படும் கரையிலேயே அதன் நாயகன் சுடப்பட்டு வீழ்கிறான். ஜோன் மக்கென்சியின் ‘த லோங் குட் பிரைடே’ (1980), இலண்டன் துறைமுக நிலங்களை அமெரிக்கக் குற்றப்பணத்தோடு அபிவிருத்தி செய்யக் கனவுகாணும் தலைவனைச் சித்திரித்தது. துறைமுக அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் 1981இல் அமைக்கப்படுமுன்னரே அக்கனவின் தன்மையை அது இனங்கண்டுகொண்டது. இவ்விரண்டிலும் நகரமும் மூலதனமும் பாத்திரங்களாகின்றன. ‘காங்ஸ்டர் நம்பர் வன்’ அவ்வகலத்தை இழந்து, அதற்கு ஈடாக ஆழமொன்றைப் பெறுகின்றது: மூலதனத்தின் நியதி ஒரு மனிதனின் கண்ணாகவும் ஆசையாகவும் மாறும் விதத்தை அது அருகிருந்து காட்டுகின்றது.

கள்வனும் முதலாளியும் உறவினர் என்பதை பிறெக்ற் 1928இல் ‘மூன்று காசு இசைநாடக’த்திலேயே நகைச்சுவையுடன் எடுத்துரைத்துவிட்டார். அதனை மீண்டும் கூறுவதற்கு இப்படம் தேவையில்லை. பிறருடையதைக் கைப்பற்றிய பின்னரும் நிறைவடையாத அம்மனத்தின் வறுமையை உணர்த்துவதே இதன் பங்களிப்பாகும். அம்மனம் குற்றவாளிகளுக்கு மட்டும் உரியதன்று. போட்டியையே வாழ்வின் இயல்பு எனக் கற்பிக்கும் அலுவலகங்களிலும் கல்விக்கூடங்களிலும், ஏன், எம்மைப் போன்ற அறிவாளர் மத்தியிலுங்கூட, இரத்தம் சிந்தாத வடிவில் அது வாழ்கின்றது. பார்வையாளன் திரையிற் காணும் அம்முகத்தை அந்நியமானதென்று தள்ளிவிட இயலாது தயங்குவானாயின், அத்தயக்கத்திலிருந்தே இப்படத்தைப் பற்றிய உண்மையான விமர்சனம் தொடங்குகின்றது.