துணிக்கொடி

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையைப் பற்றி எழுதி வரச் சொல்லியிருந்தேன். பாவூர்சத்திரத்தைச் சுற்றிய ஊர்களிலிருந்து வரும் மாணவிகள். பலர் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். வந்தவற்றில் ஒன்பது கட்டுரைகள் ஒரே மாதிரி தொடங்கின: சமையலறை பெண் ஒடுக்குமுறையின் குறியீடு. சாட்பாட் எழுதியது. கோபத்தில் ஒன்பதுக்கும் பூஜ்யம் போட்டேன்.

அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. கதைதான் இல்லை. ராஜஸ்தானக் குடும்பத்துக்கு மருமகளாக வந்த மீனாட்சி விடுதலை கேட்கவில்லை. சமையலறைக்கு வெளியே வராந்தாவை அகலப்படுத்தலாம், பாத்திரம் கழுவத் தொட்டி கட்டலாம் என்கிறாள். சில நாளில் அங்கே துணிக்கொடி கட்டப்படுகிறது. ஈரச் சேலைகள் மலையை மறைக்கின்றன. கதையின் அரசியல் அந்தக் கொடியில் இருக்கிறது. எந்தக் கதைக்கும் பொருந்துகிற விடையில் கொடி வராது. (‘குறியீடு’ என்று எழுதச் சொல்லிக்கொடுத்தது சாட்பாட் அல்ல, நாங்கள்தான்.)

பூஜ்யம் வாங்கிய ஒருத்தி கேட்டாள்: “ராத்திரி பத்து மணி வரைக்கும் இலை வெட்டிக் குடுத்துட்டு எப்ப மேம் படிக்க?” அந்நேரத்தில் அவள் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல போன் மட்டும்தான் உண்டு. தடை போட்டால் வீட்டில் படித்தவர்கள் உள்ள பெண்ணுக்கு நட்டமில்லை, இவளுக்குத்தான். கண்டுபிடிக்கும் கருவிகளையும் நம்ப முடியாது. ஓபன்ஏஐ தன் கருவியையே துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது.

மதிப்பெண்ணை அழித்தேன். கதையை வகுப்பிலேயே வாய்விட்டு வாசித்தோம். பிறகு சாட்பாட்டிடம் கேட்கலாம். கேட்டதையும் அது சொன்னதையும் கட்டுரையோடு இணைக்க வேண்டும், மேற்கோளைப் புத்தகத்தில் சரிபார்க்க வேண்டும். சரிபார்த்தபோது கதையில் இல்லாத வசனமொன்று மீனாட்சி வாயில் ஏறியிருந்தது தெரிந்தது. வகுப்பே சிரித்தது.

அவள் இம்முறை விடை கேட்கவில்லை. தன் அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, இதில் என்ன விளங்கவில்லை என்று கேட்டிருந்தாள். அம்மா வேலை செய்யும் இடம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றது அது. அதற்குக் கீழே அவள் சேர்த்தது: திண்ணையில் கிழக்கே பார்த்து உட்காருவாள். பீடித்தட்டில் காலை வெளிச்சம் விழ வேண்டும். குற்றாலமலை முதுகுப்பக்கம். சாரல் வந்தால் இலை நனையாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.